நன்றி, நீங்கள் விழவில்லை

எங்கள் வீட்டு வாசலில் ஒரு குழி இருக்கிறது. அதைப் பார்க்க இப்போது வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களுக்கு முன்கதை தெரியாது என்பதால் சொல்கிறேன்.

என் பேர் பஷீர். கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டுப் பக்கம், பூட்டுக்காரர் சந்தில் வீடு. சந்து முனையில் கிரைண்டர், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வாசலை ஒட்டிச் சாக்கடை போகிறது. அதன்மேல் ஒரு சிமெண்டுப் பலகை கிடந்தது. டைல்ஸ் இறக்க வந்த மினி லாரி பின்னால் எடுக்கும்போது அதன்மேல் ஏறி, பலகை இரண்டாக உடைந்து உள்ளே போய்விட்டது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஆழம் என் இடுப்பு வரைக்கும். ஆழம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இடது ஓரத்தில் ஒரு சாண் பலகை மிச்சம் இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அதில் ஒரு காலை வைத்து, மறு காலை எட்டிச் சந்தில் வைத்தால் வெளியே போகலாம். எனக்கு முடிந்தது. என் வீட்டுக்காரி உம்மல் குல்சுமுக்கு முழங்கால் வலி. அவள் போகும்போது நான் கையைப் பிடித்துக்கொள்வேன்.

"ஏனுங்க, நம்ம ரம்ஷா வாரதுக்குள்ள இதை மூடிப்போடோணுமுங்க. வயித்துப் புள்ளக்காரி இதை எப்படித் தாண்டுவா?" என்றாள் குல்சும்.

ரம்ஷா எங்கள் ஒரே மகள். சத்தியமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் அழைத்து வருவதாகப் பேச்சு. ஐம்பது நாள் இருந்தது. ஒரு பலகை போட ஐம்பது நாள் எதற்கு என்று நான் நினைத்தேன். அப்போது எனக்கு நடத்தை அறிவியல் தெரியாது.

முன்பெல்லாம் இதற்கு ஒரு ஆள் வருவார், ஒரு நாள் திட்டிக்கொண்டே போட்டுவிட்டுப் போவார். இப்போது தெரு, சாக்கடை விவகாரமெல்லாம் 'நகர நல்நடத்தை வாரியம்' என்று புதிதாக வந்த ஒன்றிடம் போய்விட்டது. போனில் புகார் பதிந்தேன். பத்தாவது நிமிடம் பதில் வந்தது. அவ்வளவு வேகமாக யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

"அன்புள்ள திரு. பஷீர், உங்கள் தெருவில் 94 சதவீதம் பேர் எந்தக் குறையும் சொல்லாமல் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள். நீங்கள் மீதி 6 சதவீதத்தில் இருக்கிறீர்கள். அவர்களோடு சேர விருப்பமா? ஆம் எனில் 1 அழுத்தவும்."

எங்கள் சந்தில் பதினெட்டு வீடு. அந்த ஆறு சதவீதம் நான்தான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மற்றவர்களோடு சேருவதில் என்ன தப்பு என்று 1 அழுத்தினேன். "வாழ்த்துகள்! உங்கள் புகார் மகிழ்ச்சியுடன் முடித்துவைக்கப்பட்டது" என்று வந்தது.

குல்சும் அந்தப் போனை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, உங்களை யாரு அழுத்தச் சொன்னது?" என்றாள். அவர்கள்தான் என்றேன்.

நான்கு நாள் கழித்து வாரியத்திலிருந்து ஒரு பெண் வந்தது. நவ்யா என்று பேர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். குழியைத் தாண்டத் தெரியாமல் நின்றதை நான் கை கொடுத்து உள்ளே இழுத்தேன்.

"அண்ணா, குழியைப் பத்தி ஒரே ஒரு கேள்விங்க. குழி வந்ததுக்கப்புறம் எப்படி இருக்கறீங்க?"

இங்கே நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், உள்ளே அடக்கம் பண்ணாத மய்யித்தே கிடந்தாலும், நல்லாருக்கறமுங்க என்றுதான் முதலில் சொல்வோம். உட்காரச் சொல்வோம். டீ கொடுப்போம். டம்ளரைக் கீழே வைத்த பிறகு, அப்புறம் ஒரு சின்ன விசயமுங்க என்று ஆரம்பித்தால், அதுதான் விசயம். வந்ததும் வராததுமாகக் குறையைச் சொல்வது வந்தவர் மூஞ்சியில் கதவைச் சாத்துவது மாதிரி.

"நல்லாருக்கறமுங்க. உக்காருங்க அம்மணி, டீ போடச் சொல்றேன்" என்றேன்.

டேப்லெட் டிங் என்றது. அந்தப் பெண் உட்காராமலே கிளம்பிவிட்டது. முதலில் வரும் பதில்தான் மனசின் உண்மையான பதிலாம். யோசித்துச் சொல்வதெல்லாம் மூளை சேர்க்கும் கலப்படமாம். அதனால் முதல் பதிலோடு படிவம் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"இருங்க கண்ணு, டீ ஆச்சு" என்று குல்சும் டம்ளரோடு வந்தாள். ஒரு நாளைக்கு அறுபது வீடு பார்க்க வேண்டும் என்று நவ்யா போய்விட்டது. அந்த டீயை நான் குடித்தேன்.

பதினெட்டு வீட்டிலும் போய்க் கேட்டிருக்கிறது. பதினெட்டு வீட்டிலும் நல்லாருக்கறமுங்க. குழிக்குப் பிறகு எங்கள் தெருவின் மகிழ்ச்சி நூறு சதவீதம் என்று மறுநாள் தகவல் வந்தது.

அப்புறம்தான் நான் நேரிலேயே போனேன். காந்திபுரத்தில், ஜவுளிக்கடைகளுக்குப் பின்பக்கம், ஒரு கட்டிடத்தின் நாலாவது மாடியில் வாரியம். லிப்டு இருந்தது. அதன் கதவில் 'லிப்டு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் படியைத்தான் விரும்புகிறீர்கள்' என்று ஒட்டி, பூட்டிவைத்திருந்தார்கள். படியில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கைதட்டல் சத்தம் வந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது புகார் கொடுக்கும் படிவத்தில் 'எனக்குப் புகார் எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தே அச்சிட்டிருந்தது.

"இந்த டிக்கை எடுக்கோணுமுங்களே" என்றேன்.

"எடுக்கலாமுங்க. அதுக்கு வேற படிவம். கீழ முதல் மாடியில கிடைக்கும்" என்றார் அங்கிருந்தவர்.

நான் முதல் மாடிக்கு இறங்கித் திரும்ப ஏறினேன். இரண்டு முறையும் கைதட்டினார்கள்.

கடைசியில் இயக்குநர் ஞானாபரணமே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனிதர். அவர் குரலைக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. அவர் மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னக் குழி ஒன்று மண்ணில் செய்து வைத்திருந்தது.

"பாய், குழியை மூடறது சுலபமுங்க. ஒரு பலகை போட்டா மூடிரும். சுலபமான வேலையைச் செய்யறதுக்கு எனக்கு இந்தச் சம்பளம் எதுக்குங்க? பலகை போட்டா ஜனங்க யோசிக்காம நடப்பாங்க. யோசிக்காம நடக்கற ஜனங்களை வெச்சுக்கிட்டு ஒரு ஊரு என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

நான் சரிங்க என்றேன்.

"வெளிநாட்டுல மூணு வருசம் இதையே படிச்சேன். அங்க தெருவுல குழியே இல்லீங்க பாய். ஆராய்ச்சி பண்ணறதுக்குத் தவிச்சுப் போயிட்டேன். நம்ம ஊருக்குத் திரும்பி வந்தப்பறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. இத்தனை குழியை ஆண்டவர் சும்மா கொடுத்திருக்க மாட்டார்."

"சார், புள்ள தலைப்பிரசவத்துக்கு வாரா..."

"அருமை! வயித்துப் புள்ளைக்காரங்க எப்படித் தாண்டறாங்கன்னு எங்ககிட்டத் தகவலே இல்லை." அவர் குறித்துக்கொண்டார். "உங்க சந்தைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கோம். இதே மாதிரிப் பலகை உடைஞ்ச பக்கத்துச் சந்தை ஒப்பீட்டுக்கு வெச்சிருக்கோம். அங்க விஞ்ஞானம் எதுவும் கிடையாது. பழைய காலத்து முறைப்படி வெறும் பலகையைப் போட்டு விட்டுருவோம்."

"அந்த ஒப்பீட்டுக்கு நாங்களே இருந்துக்கறமுங்க" என்றேன்.

"சீட்டுக் குலுக்கி முடிஞ்சுபோச்சே பாய்" என்று அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

சொன்னபடியே மறுநாள் பக்கத்துச் சந்தில் பலகை போட்டுவிட்டார்கள். அங்கே கருப்பாத்தாள் அக்கா வீட்டு வாசல். பூக்கூடையோடு அதன்மேல் நின்றுகொண்டு, "ஏனுங்க பாய், நம்மளை ஒதுக்கிப்போட்டாங்களாமா? உங்க சந்துலதான் என்னென்னமோ புதுசா வருதாம்" என்று கேட்டது.

எங்கள் சந்தில் விஞ்ஞானம் தொடங்கியது. முதலில் மஞ்சள் பெயிண்டில் பாதம் வரைந்தார்கள். பாதம் போகும் வழியில் போனால் குழியைத் தவிர்க்கலாம் என்பது ஏற்பாடு. எங்கள் வாசலுக்கு வேறு வழி இல்லாததால், பாதம் குழியின் விளிம்பு வரை போய், அந்தப் பக்கம் படியிலிருந்து தொடர்ந்தது. நடுவில் என்ன செய்வது என்று பெயிண்டரிடம் கேட்டேன். அது உங்க முடிவுங்க என்றார்.

அடுத்து எதிர்ச் சுவரில் இரண்டு பெரிய கண். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதன் கவனமாக நடப்பானாம். குல்சும் வாசலில் நின்று தலை துவட்டுவதை விட்டுவிட்டாள். அப்புறம் ஒரு மின்பலகை. யாராவது குழியைக் கடந்தால் பச்சையில் ஒரு சிரித்த முகம் வரும். 'நன்றி! நீங்கள் விழவில்லை!' என்று எழுத்து ஓடும். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் அதற்காகவே தாண்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு பூனை தாண்டியதற்கும் நன்றி சொன்னது.

ஏழாம் மாதம் பிறக்க ஒன்பது நாள் இருந்தது. குல்சும் அந்த ஒன்பதைத் தினமும் காலையில் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் பழைய அடுப்பு மேடையிலிருந்து எடுத்த கடப்பைக் கல் ஒன்று கிடந்தது. விடிந்ததும் இரண்டு பேரைக் கூட்டிவந்து தூக்கிப்போட்டேன். கால் மணி நேரம் ஆனது. குல்சும் அதன்மேல் ஏறி நின்று, இறங்கி, மறுபடி ஏறினாள். "அல்ஹம்துலில்லாஹ், இவ்வளவுதானுங்களே" என்றாள். அன்றைக்கு அவள் என் கையைப் பிடிக்காமல் கடைக்குப் போய்விட்டு வந்தாள்.

மதியம் ஜீப் வந்தது. கல்லைத் தூக்கி ஏற்றினார்கள். என் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். 'குடியிருப்பாளர் தன்னிச்சையாகத் தீர்வு கண்டதால் ஆய்வு மாசடைந்துள்ளது. தெருவாசிகள் கவனமாக இருக்கும் வாய்ப்பைத் தாங்கள் பறித்துள்ளீர்கள். இது முதல் முறை என்பதால் அன்புடன் எச்சரிக்கிறோம்.' கீழே ஒரு சிரித்த முகம் போட்டிருந்தது.

அந்தக் கல்லை இப்போது காந்திபுரத்தில் வாரியக் கட்டிடத்தின் வாசலில் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும். ஏறிப் போக வசதியாக இருக்கிறது.

வியாழக்கிழமை மழை. வெள்ளிக்கிழமை காலை வெயில் அடித்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு விரிக்க குல்சும் தன்னுடைய பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துவைத்திருந்தாள். எதிர்ச் சுவரில் காயப்போட வேண்டும் என்று வாளியை எடுத்துக்கொண்டு போனாள். இருடி வாரேன் என்று நான் உள்ளேயிருந்து சொன்னேன். பல்லில் பிரஷ் இருந்தது. அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

மஞ்சள் பெயிண்டில் ஈரம் பட்டால் வழுக்கும் என்பது யாருக்கும் தெரியாது. படியில் இருந்த பாதத்தின்மேல் சரியாகக் காலை வைத்திருக்கிறாள். நான் ஓடி வந்தபோது அவள் இடுப்பு வரை குழிக்குள் இருந்தாள், ஒரு பக்கமாகச் சாய்ந்து. வாளி சந்தில் உருண்டு கிடந்தது. மின்பலகையில் பச்சை முகம் சிரித்தது. 'நன்றி! நீங்கள் விழவில்லை!'

"புடவை சேறாயிடுச்சுங்களே" என்றாள். அதைத்தான் முதலில் சொன்னாள்.

இடுப்பு எலும்பு. தகடு வைத்தார்கள். ஆறு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். படுத்திருப்பவள் பிரசவம் பார்க்க முடியாது. மருமகன் சுஃப்யான் போன் செய்து, "மாமா, நீங்க வருத்தப்படாதீங்க, இங்கயே பாத்துக்கறோம்" என்றார். சரிங்க மாப்பிள்ளை என்றேன். சத்தியமங்கலத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. ரைஹான் என்று பேர். குல்சும் போனில் பார்த்தாள். படம் நின்று நின்று வந்தது. "அழுவுறானா, சிரிக்கிறானா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகை வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. மூன்றாம் நாள் கடையைத் திறந்தேன்.

ஆய்வை முடித்து வைக்க நவ்யா மறுபடியும் வந்தது. இந்த முறை முதல் வார்த்தையே நல்லா இல்லீங்க என்று சொல்லிவிட வேண்டும் என நானும் குல்சுமும் பேசி வைத்திருந்தோம். கட்டிலில் படுத்தபடி அவள் என்னை நாலு தரம் சொல்லிப் பார்க்க வைத்தாள். நாலு தரமும் சரியாகச் சொன்னேன்.

அந்தப் பெண் வாசலில் கை நீட்டியது. நான் பிடித்து உள்ளே இழுத்தேன். "அண்ணா, எப்படி இருக்கறீங்க?" என்றது.

"நல்லாருக்கறேனுங்க, வாங்க வாங்க" என்றேன்.

டிங்.

குல்சும் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டாள். நவ்யா அவளைப் பார்த்தது, கட்டிலுக்கு அடியில் சிறுநீருக்கு வைத்திருந்த பேசினைப் பார்த்தது, பூட்டிக்கொண்ட டேப்லெட்டைப் பார்த்தது. அன்றைக்கு அது உட்கார்ந்தது. நான் டீ போட்டேன். டம்ளரைக் கீழே வைத்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கல், பெயிண்டு, புடவை, ரைஹான் எல்லாம்.

"ரெண்டாவது பதிலுக்கு இதுல கட்டம் இல்லீங்கண்ணா" என்று நவ்யா மெதுவாகச் சொன்னது. "நான் கேட்டுப் பாத்துட்டேன். அக்கா விழுந்தது தெரிஞ்சதுமே அதையும் எழுதினேன். அக்கா விழுந்தது தெருவுல இல்லையாம், சாக்கடையிலயாம். அது வேற பிரிவாம்." டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனது.

அறிக்கை வந்தது. ஆய்வுக்கு முன் எங்கள் வீட்டில் தினமும் குழியைக் கடந்தவர்கள் இரண்டு பேர்; பின் ஒருவர். ஆக, விழும் அபாயம் ஐம்பது சதவீதம் குறைவு. பலகை போட்ட கருப்பாத்தாள் அக்கா சந்தில் மக்களின் கவனத்தில் முன்னேற்றம் பூஜ்யம். அதனால் அந்தத் திட்டம் தோல்வி. எங்கள் குழிக்கு விருது. சுற்றிலும் மணிக்கயிறு கட்டி, வாசல் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, சுவரில் கல்வெட்டு பதித்தார்கள். 'முன்மாதிரிக் குழி. மூடுதல் தண்டனைக்குரியது.'

அதற்குப் பிறகுதான் வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குழு, இதே அளவில் அங்கே ஒன்று வெட்டுவதற்கு டேப்பு வைத்து அளந்துகொண்டு போனது.

ரைஹானுக்கு நாற்பது கழிந்ததும், போன ஞாயிற்றுக்கிழமை ரம்ஷா வந்தாள். காலையிலிருந்து குல்சும் கட்டிலில் தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். அன்றைக்கென்று ஞானாபரணம் பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தார். எல்லார் கழுத்திலும் அட்டை. அவர்களுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு சுஃப்யானும் ரம்ஷாவும் வந்து குழிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நான் இந்தப் பக்கம் நின்றேன்.

"அத்தா, இவனை மொதல்ல பிடிங்க" என்றாள் ரம்ஷா.

நான் கையை நீட்டினேன். அவளும் நீட்டினாள். குழிக்கு நேர் மேலே ஒரு நொடி பிள்ளை அவள் கையிலும் இல்லை, என் கையிலும் முழுசாக இல்லை. அப்புறம் வந்துவிட்டான். வந்தவர்கள் கைதட்டினார்கள். மின்பலகை நன்றி சொன்னது.

"வந்துட்டாங்களா? ஏனுங்க, வந்துட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து குல்சும் கேட்டாள். அவளால் எழுந்து வர முடியாது. பேரன் என் நெஞ்சில் கிடந்தான். எவ்வளவோ கனமாக இருந்தான்.

வந்தவர்களில் ஒருவர் நோட்டைத் திறந்துகொண்டு, "ஐயா, இந்தத் திட்டம் வந்ததுக்கப்புறம் எப்படி இருக்கறீங்க?" என்று கேட்டார்.

"நல்லா இல்லீங்க" என்றேன்.

என் வாயிலிருந்து அது வந்ததை நானே கேட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு இயக்குநரைப் பார்த்தார்.

ஞானாபரணம் கொஞ்சமும் கோபப்படவில்லை. "குறிச்சுக்க வேண்டாமுங்க" என்றார். "இதுவரைக்கும் பதினோராயிரத்து நானூறு பதில் வாங்கியிருக்கோம். இப்படி வந்தது இது ஒண்ணுதான். கூட்டத்தை விட்டு விலகி நிக்கற பதிலைச் சேர்த்தா சராசரி கெட்டுப்போகும். அதைக் கழிச்சுட்டுத்தான் பாக்கோணும்."

எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

வாசலுக்கு வந்த மனிதர்களிடம் முதல் வார்த்தையே இப்படிச் சொல்லிவிட்டோமே என்று எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. அறுபது வயதில் இப்படி ஒரு மரியாதை கெட்ட வேலையைச் செய்ததில்லை. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாரும் உள்ள வாங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போகலாம்" என்றேன்.

ஞானாபரணம் படியைப் பார்த்தார். மஞ்சள் பாதத்தைப் பார்த்தார். எட்டிக் குழிக்குள்ளே பார்த்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"டீயெல்லாம் வேண்டாமுங்க பாய்" என்றார். "இதை எப்படிங்க தாண்டி வாரது?"